எதிர்த்தரப்புச் சாட்சி

வெளியே மைனஸ் பதினாறு.
உள்ளே, ஏழாம் பெட்டியில், மைனஸ் எண்பது.
ட்ரோம்சோவில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப்பார்க்காது.
நிலவறையில் சம்பளம் வாங்கும் எனக்கு
அது ஒரு குறையே இல்லை.

வேலை சுலபம்.
கதவைத் திறந்தால் முப்பது நொடிக்குள் மூடவேண்டும்.
குழாய்களுக்குப் பெயர் கிடையாது, பட்டைக்கோடுதான்.
போன வருடம் ஊழியர்களிடமும் கேட்டார்கள்;
நானும் ஒரு குழாய் கொடுத்தேன்.
எந்த அடுக்கில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.
எட்டிப் பார்ப்பதில்லை.

அன்று வந்த பெண்ணிடம் ஒரு பெயர் இருந்தது.
மாத்தே, என்றாள். தம்பி.
பனிவண்டியோடு ஏரிக்குள் போனவன்.

அதற்கு முந்தைய வசந்தத்தில்
மருத்துவ வண்டி அவர்கள் பள்ளத்தாக்குக்கு வந்ததாம்.
இதய நோய் ஆராய்ச்சி.
காபி கொடுத்தார்கள், வாஃபிள் கொடுத்தார்கள்,
மூன்று குழாய் எடுத்துக்கொண்டார்கள்.
படிவம் நார்வே மொழியில்.
அவன் சிந்தித்ததும் சிரித்ததும் சாமி மொழியில்.
மூன்றாவது கட்டம்: 'எதிர்கால ஆராய்ச்சிகளுக்கும்.'
டிக் போட்டிருக்கிறான்.
எதிர்காலம் என்றால் அடுத்த குளிர்காலம்
என்று நினைத்திருப்பான்.

பிறகு தாமிரச் சுரங்கம் வந்தது,
மேய்ச்சல் நிலத்துக்கு வழக்கு வந்தது.
நினைவுக்கெட்டாத காலமாய் இங்கே மேய்க்கிறோம்
என்றார்கள் இவர்கள்.
கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.
திரையில் ஒரு வரைபடம் போட்டார்.
நீலப் புள்ளிகள், நூற்றுப் பன்னிரண்டு.
'இந்த மரபணுக்கள் கிழக்கிலிருந்து வந்தவை.
முந்நூறு ஆண்டு. அது
நினைவுக்கெட்டும் காலம்தானே?'

"அதில் ஒரு புள்ளி அவன்" என்றாள்.
"எது என்று தெரியவில்லை.
அதனால் எல்லாப் புள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.
ஆடியது,
எதிர்த்தரப்புக்காக.

கோட்டுப் பையிலிருந்து கடிதம் எடுத்தாள்.
நான்காய் மடித்தது, மடிப்பில் கிழிந்தது.
எனக்கு மனப்பாடமான வாக்கியங்கள்:
சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை கொடையாளருக்கே.
கொடையாளர் இறந்துவிட்டதால் அவரால் இயலாது.
எனினும், விதிவிலக்காக, எஞ்சிய மாதிரி அழிக்கப்படும்.
ஏற்கெனவே பெறப்பட்ட தரவுகள் தொடரும்.

தரவுகள் தொடரும்.
தம்பி இல்லை.

"எங்கள் மான்குட்டிக்குக் காதில் வெட்டுவோம்" என்றாள்.
"இடது காதில் பிறை, வலது நுனியில் பிளவு.
எந்தப் புயலில் தொலைந்தாலும்
யாருடையது என்று காது சொல்லிவிடும்.
இவனுக்கு எங்கே வெட்டினீர்கள்?"

பட்டைக்கோட்டைக் காட்டினேன்.
வேறென்ன காட்ட?

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்,
அந்நியர் மந்தையின் குறியைப் பார்ப்பது போல.

அழிப்பதற்கு மஞ்சள் டப்பா. உலைக்குப் போகும்.
தொட்டுப் பார்க்கலாமா என்றாள்.
கையேட்டில் தேடினேன்; அதற்கு விதி இல்லை.
கம்பளிக் கையுறையைக் கழற்றி
வெறும் கையில் வாங்கினாள்.
குளிர் சுட்டிருக்கும். விரல் நகரவில்லை.
குழாய்க்குள் கறுப்பு மெதுவாய் நெகிழ்ந்து
சிவப்பானது.

"அம்மாவுடையது, அப்பாவுடையது" என்றாள்,
"என்னிடமும் இதேதானே ஓடுகிறது.
என்னைக் கேட்டார்களா?"

உறைபெட்டி முனகியது. பதில் சொல்ல
அந்த அறையில் அது ஒன்றுதான் முயன்றது.

லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன்.
ஒரு கையை மட்டும்
கோட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

திரும்பி வந்தேன்.
மஞ்சள் டப்பா காலி.
மேசையில் தாள், தாளில் ஒரு கட்டம்:
'விதிப்படி அழிக்கப்பட்டது.'

நானும் ஒரு டிக் போட்டேன்.
நான்
படித்துவிட்டுத்தான் போட்டேன்.